அடுப்பு எரிகிற வீடு

விடுதிக் காப்பாளர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு, ‘நடத்தைப் பிரச்சினை உள்ள பிள்ளைகள்’ என்று காலையில் ஒரு பாடம் நடத்தினார்கள். நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். நன்றாகத்தான் நடத்தினார்கள். எங்கள் காலத்தில் அந்த வார்த்தை கிடையாது. அடங்காப்பிடாரி என்போம், கோபம் அதிகமானால் திருட்டுக் கழுதை என்போம். வார்த்தை மாறியிருக்கிறது, சந்தோஷம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு வீடு இருக்கிறதா, போன வாரம் இருந்த இடத்திலேயே இந்த வாரமும் இருக்கிறதா என்று கேட்கும்படி ஒருவரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அதனால் எனக்குக் கொடுத்த நேரத்தில் அரிசி அளப்பது, கணக்கு எழுதுவது எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். அதெல்லாம் தானாக வந்துவிடும். நான் அஞ்சலையைப் பற்றிச் சொல்கிறேன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் கும்பகோணத்துக்காரி. பிறந்த வீட்டிலேயே வளர்ந்து, அதே வீட்டுக் கூடத்தில் கல்யாணமாகி வெளியே வந்தவள். வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கே போனாலும் திரும்பி வரும்போது அது அங்கேயே இருக்கும் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. கண்டிப்புக்காரி என்று பெயர் எடுத்தவள். மேஜை மேல் எப்போதும் ஒரு பிரம்பு கிடக்கும். என் தலையைக் கண்டாலே பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிடும், எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

அப்போது நாகப்பட்டினம், திருவாரூர் எல்லாம் சேர்ந்து ஒரே தஞ்சாவூர் ஜில்லா. ஜில்லாவின் கிழக்கே, நாலாபுறமும் வயல் சூழ்ந்த ஒரு சின்ன ஊரில் பெண் பிள்ளைகள் விடுதி எனக்கு. கழக ஆட்சி வந்து சில வருஷம் ஆகியிருந்தது. பண்ணை நிலத்தில் குடிசை போட்டுக் குடியிருக்கிற விவசாயக் கூலிக்கு அந்த மனையே சொந்தம் என்று சட்டம் போட்டிருந்தார்கள். நல்ல சட்டம். ஆனால் தாசில்தார் விசாரணைக்கு வரும்போது அங்கே குடிசை இருக்க வேண்டும், அதில் ஆள் குடியிருக்க வேண்டும். ஆகவே பல ஊர்களில் தாசில்தார் வருவதற்கு முன்னால் பண்ணையின் ஆட்கள் வந்தார்கள். மத்தியானம், தெருவே வயலுக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து வந்து கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போவார்கள். ‘குடி போய்விட்டார்கள்’ என்று அதற்கு ஒரு பேர். தாங்களாகவே காலி செய்துகொண்டு போனதாக அர்த்தம்.

அஞ்சலையை ஒன்பதாம் வகுப்பில் சேர்க்க அவள் அப்பா மாரிமுத்து கூட்டிக்கொண்டு வந்தார். பதினான்கு வயதுப் பெண். கையில் ஒரு துணி மூட்டை. வீடு எங்கே என்று கேட்டால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். பள்ளிக்கூட வாசலில் நின்றால் தெரிகிற தெரு.

“இவ்வளவு பக்கத்துல வீட்ட வச்சுக்கிட்டு விடுதி எதுக்குங்க?” என்று கேட்டேன்.

“உள்ளூர்ல யாரும் வேலைக்குக் கூப்புட மாட்டேங்குறாங்க, டீச்சர். சங்கத்துல சேந்து கூலி ஒசத்திக் கேட்டோம்ல, அதான். நானும் இவ அம்மாவும் வேதாரண்யம் பக்கம் உப்பளத்துக்குப் போறோம். போனா மாசக்கணக்கா ஆவும். வயசுப் பொண்ண எப்புடித் தனியா விட்டுட்டுப் போறது?”

சேர்த்துக்கொண்டேன். கிளம்பும்போது அவர் மகளின் காதோடு ஏதோ சொன்னார், அவளும் தலையை ஆட்டினாள். அப்பா மகள் பேச்சு, நமக்கென்ன என்று நான் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

அன்றைக்குப் பிடித்தது சனி. மற்றப் பிள்ளைகள் துணிமணியைச் சுவர்த் தட்டில் அடுக்கிவைத்தார்கள். இவள் மூட்டையை அவிழ்க்கவே இல்லை. ஒரு பாவாடை வேண்டுமென்றால் முடிச்சை அவிழ்த்து எடுத்துக்கொண்டு உடனே மறுபடி இறுக்கிக் கட்டிவிடுவாள். படுக்கும்போது தலைக்கும் அதுதான். ஐப்பசி மழையில் ஓடு ஒழுகியபோது, அவள் பாய் நனைகிறதே என்று ஒரு பெண் நல்ல மனசோடு அதைத் தள்ளிப் போட்டிருக்கிறாள். அஞ்சலை அவள் உதட்டைக் கிழித்துவிட்டாள். “என் எடத்துலேந்து ஏன் எடுத்த?” என்று கேட்டுக் கேட்டு அடித்தாளாம். அப்புறம் ஈரத் தரையிலேயே பாயை இழுத்துப் போட்டுப் படுத்துக்கொண்டாள். வகுப்பில் வாத்தியார் பெஞ்சு மாற்றி உட்காரச் சொன்னால் எழுந்திருக்க மாட்டாள். கேட்டால் ஒரு முறைப்பு. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் ஆளைக் காணோம். பிற்பகல் வகுப்பு பாதி நடந்த பிறகுதான் வந்து சேருவாள், பாவாடையெல்லாம் சாம்பல்.

எங்கள் சமையல்காரம்மா காளியம்மாவுக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். ஒருநாள் கரண்டியும் கையுமாக என் அறைக்கு வந்து நின்றாள்.

“தீப்பெட்டி வச்ச எடத்துல இருக்க மாட்டேங்குது, டீச்சர். எல்லாம் அந்த அஞ்சலதான். பொட்டப்புள்ளைக்குத் தீப்பெட்டி எதுக்கு? பீடி குடிக்கிதோ என்னமோ. இல்ல, எதையாச்சும் கொளுத்தப் போவுதோ. எனக்குப் பயமா இருக்கு.”

எனக்கும் பயம்தான். கீழத் தஞ்சையில் குடிசைக்குள்ளே மனுஷர்களை வைத்து எரித்த அந்தக் கொடுமை நடந்து அப்போது அதிக காலம் ஆகவில்லை. நெருப்பு என்று யாராவது சொன்னாலே பண்ணை, போலீஸ், சங்கம் மூன்று பக்கமும் பதறுகிற காலம். என் விடுதிப் பெண் தீப்பெட்டியோடு வயலில் சுற்றுகிறாள் என்றால் நான் எப்படி நிம்மதியாகச் சோறு தின்பேன்? மறுநாள் மத்தியானம் பிரம்பை எடுத்துக்கொண்டு, கையும் களவுமாகப் பிடிப்பது என்று அவள் பின்னாலேயே போனேன்.

வாய்க்கால் பாலத்தைத் தாண்டி, தெருக்கோடியில் இருந்த ஒரு குடிசைக்குள் நுழைந்தாள். நான் வாசலுக்குப் போவதற்குள் கூரையின் இடுக்கெல்லாம் புகை கிளம்பிவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் உள்ளே அடுப்பு எரிகிறது. அதன் மேல் ஒரு பானை. அவள் ஈரத் தென்னைமட்டையை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்தாள், ஓடவில்லை.

“என்னடி பண்ற இங்க?”

“ஒலை வச்சிருக்கேன், டீச்சர்.”

மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு மணி அரிசி கிடையாது.

“வெறுந்தண்ணிய எதுக்குடி காய்ச்சுற?”

“பொகை வரணும், டீச்சர். பொகை தெரிஞ்சாத்தான் அம்மா வீட்லதான் இருக்குன்னு நெனச்சுக்குவாங்க. அடுப்பு எரியிற வீட்ல கை வைக்க மாட்டாங்க.”

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவள் பிறந்தது வேறொரு பண்ணையின் களத்து மேட்டில். அங்கிருந்து கிளப்பிவிட்டதும் வாய்க்கால் கரைக்குப் போயிருக்கிறார்கள். அங்கேயும் ஒருநாள் பிரிக்க ஆட்கள் வந்தபோது அவள் அம்மா அடுப்பைப் பற்றவைத்து உலையை ஏற்றிவிட்டாள். வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். “மறுநா அம்மா களையெடுக்கப் போயிருந்துச்சு. நான் பள்ளிக்கூடத்துலேந்து வந்து பாத்தா வீடு இல்ல, டீச்சர்” என்றாள். அதற்குப் பிறகுதான் இந்தப் பண்ணைக்கு வேலைக்கு வந்து, இந்த மனையில் குடிசை போட்டார்கள்.

அடுப்பு விஷயம் எல்லா ஊரிலும் உண்டா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தில் இருந்தது. எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்காது. கூரையைப் பிரிக்கக் கூலிக்கு வருகிறவனும் குடிசைக்காரன்தானே. கொதிக்கிற உலையை இறக்கிவைத்துவிட்டு ஒரு வீட்டைப் பிரித்தால் தன் வீட்டு அடுப்பு அவிந்துவிடும் என்று அவனுக்கு ஒரு பயம். பண்ணையே சொன்னாலும் கை வைக்க மாட்டான். மாரிமுத்து மகள் காதில் சொல்லிவிட்டுப் போனது அதுதான். தாசில்தார் வருகிற வரைக்கும் மத்தியான அடுப்பை மட்டும் விட்டுவிடாதே என்று சொல்லியிருக்கிறார். தெருக்காரர்களுக்கும் தெரியும், ஆனால் விடிந்தால் அவர்களும் வயலுக்குப் போக வேண்டும். ஒரு வீட்டைக் காவல் காக்கிற வேலையை ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண் தனியாகச் செய்துகொண்டிருந்தாள். நாங்கள் எல்லோரும் அவளைத் திருடி என்று பேசிக்கொண்டிருந்தோம்.

கொண்டுபோன பிரம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது. அழுதால் மரியாதை போய்விடும் என்று, “நாளைலேந்து என்கிட்ட சொல்லிட்டுப் போ. தீப்பெட்டி நான் தரேன், திருடாத” என்று அதட்டிவிட்டு வந்தேன். விடுதிச் சட்டப்படி அது தப்பு. தப்பென்று தெரிந்தேதான் செய்தேன்.

அப்படியே தை மாதம் வந்துவிட்டது. அறுவடை மும்முரம். தாசில்தார் இன்னும் சில நாளில் வருகிறார் என்று பேச்சு அடிபட்டது. ஒருநாள் அஞ்சலைக்குக் கடுமையான காய்ச்சல். படுத்துக்கொள் என்றால் கேட்கிற ஜாதியா அவள்? போயே தீருவேன் என்று எழுந்து நின்றாள். சரி, வழியில் விழுந்து வைக்கப் போகிறாள் என்று நானும் கூடவே போனேன். அடுப்பைப் பற்றவைத்து, புகை நன்றாகக் கிளம்புகிற வரைக்கும் இரண்டு பேரும் உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். வெளியே வந்தபோது தூரத்தில் பண்ணைக் களத்தில் கூச்சல். வைக்கோற்போர் பற்றி எரிந்துகொண்டிருந்தது. அவள் பயந்துபோய் விடுதியைப் பார்த்து ஓடினாள். நான் பின்னால் மெதுவாக வந்து சேர்ந்தேன். போரை யார் கொளுத்தினார்கள் என்று இன்று வரை யாருக்கும் தெரியாது.

மறுநாள் முற்பகல் இன்ஸ்பெக்டர் விடுதிக்கு வந்தார். கூடவே பண்ணையின் காரியக்காரர், அதாவது பண்ணை ஆட்களை மேய்க்கிறவர். வெள்ளை வேட்டி, கையில் குடை, வாயில் வெற்றிலை. அவர்கள் முதலில் சமையல் கட்டுக்குப் போய்க் காளியம்மாவிடம் பேசியிருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது. மாடு மேய்க்கிற ஆள் ஒருவன், களத்துப் பக்கமிருந்து அஞ்சலை ஓடியதைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறான். அவளைக் கூப்பிட்டு மூட்டையைப் பிரித்தார்கள், தீப்பெட்டி கிடைத்தது.

“இது நான் குடுத்தது” என்றேன்.

“நீங்க குடுத்ததா?” இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சரி. நேத்து மத்தியானம் பொண்ணு எங்க இருந்துச்சு?”

“என்கூட இருந்தா.”

“எங்க?”

காரியக்காரர் சுவரில் சாய்ந்து, காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அவளுடைய வீட்டில் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. “இங்கதான், விடுதியில” என்றேன்.

“உங்க சமையக்காரம்மா, டீச்சரும் இல்ல, அந்தப் பொண்ணும் இல்லேன்னு இப்பத்தான் சொல்லுச்சு. நீங்களே இப்படிப் பொய் சொல்லலாமா, டீச்சரம்மா?”

“இவரக் கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லுங்க, சொல்றேன்.”

“புகார் குடுத்தவரே அவருதாங்க. அவரு இருக்கட்டும், நீங்க சொல்லுங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் அஞ்சலை பேசினாள். தரையைப் பார்த்துக்கொண்டு, தெளிவாகச் சொன்னாள். “டீச்சர் என்கூட வரல. வைக்கப்போருக்கு நெருப்பு வச்சது நான்தான்.”

இன்ஸ்பெக்டருக்கே தூக்கிவாரிப் போட்டது. காரியக்காரர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார். காய்ச்சலில் நிற்கக்கூட முடியாத பெண், குடிசையில் ஆள் இல்லை என்பது அந்த மனுஷன் காதில் விழக்கூடாது என்பதற்காகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகத் துணிந்துவிட்டாள். அப்புறம் சீர்திருத்தப் பள்ளி என்று எங்கேயோ கண்காணாத ஊருக்கு அனுப்புவார்கள். அதோடு நிற்குமா? மகள் ஒப்புக்கொண்டாள் என்று அப்பனைத் தேடுவார்கள், சங்கம் ஏவிவிட்டது என்று தெருவையே அள்ளிக்கொண்டு போவார்கள். இதெல்லாம் யோசிக்க எனக்குக் கிடைத்தது ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். வேலையில் உங்களுக்கும் அவ்வளவுதான் கிடைக்கும்.

“பொய் சொல்றா” என்றேன். “இவளுக்குக் காய்ச்சல். வாய்க்காலுக்கு அந்தாண்ட, அவங்க வீட்ல இருந்தோம் நாங்க ரெண்டு பேரும். போர் பத்திக்கிட்டப்ப இவ என் பக்கத்துல இருந்தா. எந்தக் கோர்ட்ல வேணும்னாலும் வந்து சொல்றேன்.”

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். அவருக்கும் அந்த வயதில் பெண் பிள்ளை இருந்திருக்கலாம். கெட்ட மனுஷராக எனக்குத் தோன்றவில்லை. “இத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?” என்றார்.

அப்போதுதான் காரியக்காரர் வாயைத் திறந்தார். குரலில் அப்படி ஒரு கரிசனம்.

“புள்ளைக்குக் காய்ச்சல்னா அவ அம்மா பக்கத்துல இருந்திருக்குமே, டீச்சர்? வீட்லதான் இருந்துச்சா அது?”

“இருந்தாங்க” என்றேன். கொஞ்சம் தாமதமாகச் சொல்லிவிட்டேன். நினைத்துப் பார்க்கிறவள் சொல்கிற மாதிரி வந்துவிட்டது அந்த வார்த்தை. அவர் என் முகத்தைப் பார்த்தார், அஞ்சலை முகத்தைப் பார்த்தார். “சரிங்க, நான் வரேன்” என்று குடையை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் கிளம்பிப் போய்விட்டார்.

இதை நீங்கள் மனசில் இருத்திக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளையிடம் ‘எங்கே இருந்தாய், உண்மையைச் சொல்’ என்று கேட்கும் முன், அந்த அறையில் இன்னும் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். வாயைத் திறக்காத பிள்ளை எல்லாம் திமிர் பிடித்ததில்லை. அது சொல்கிற பதிலை அள்ளிக்கொண்டு போக அங்கே ஒருவர் காத்திருக்கலாம். நமக்கு அவர் யாரென்று தெரியாது, அந்தப் பிள்ளைக்குத் தெரியும். 

இன்ஸ்பெக்டர் போகும்போது, விசாரணை முடிகிற வரைக்கும் அஞ்சலை விடுதி வாசலைத் தாண்டக்கூடாது, அது என் பொறுப்பு என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். சைக்கிளில் வந்த போலீஸ்காரர் ஒருவரை எதிரே மரத்தடியில் உட்கார வைத்தார். சாப்பாட்டு மணி அடித்தது. அஞ்சலை வாசலுக்கு ஓடினாள். நான் குறுக்கே விழுந்து பிடித்துக்கொண்டேன்.

“விடுங்க டீச்சர், மணி ஆயிருச்சு. பொகை வரலன்னா வந்துருவாங்க. விடுங்க.”

விட்டிருந்தால் அந்தப் போலீஸ்காரர் அவளை நேரே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோயிருப்பார். விடவில்லை. என் கையைக் கடித்தாள். ரத்தம் வந்தது. காளியம்மாவும் வந்து பிடித்துக்கொண்டாள். நான் விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா, “அய்யோ, எனக்குத் தெரியாதே, இருந்தத இருந்தபடி சொல்லிப்புட்டேனே” என்று தலையில் அடித்துக்கொண்டாள். அஞ்சலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நான் சமையல் கட்டிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். கல்யாணத்துக்கு அப்புறம் நான் ஓடியது அன்றைக்குத்தான். பாலத்தில் செருப்பு அறுந்தது, எறிந்துவிட்டு ஓடினேன்.

நான் போனபோது பாதிக் கூரை தரையில் கிடந்தது. நாலைந்து பேர் மிச்சக் கீற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பானை, பாய், முறம் எல்லாவற்றையும் உடையாமல் எடுத்து மரத்தடியில் வரிசையாக வைத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒரு பெரியவர் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“பாத்துட்டுத்தாம்மா கை வச்சோம்” என்றார். “அடுப்பு சில்லுன்னு கெடந்துச்சு.”

அந்த மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது? தன் மனசாட்சிப்படி அவர் சரியாகத்தான் நடந்துகொண்டார். நான் அறையில் ஒரு வார்த்தையைத் தாமதமாகச் சொன்னதும், வாசலில் அவளைப் பிடித்து நிறுத்தியதும் சேர்ந்துதான் அந்த அடுப்பை அணைத்தன.

சேதி சொல்லி அனுப்பி, மாரிமுத்துவும் அவர் மனைவியும் வேதாரண்யத்திலிருந்து வந்து சேர்வதற்குள் மண்சுவரைக் கரைத்துவிட்டு, மனையை உழுது உளுந்து தெளித்திருந்தார்கள். தாசில்தார் வந்தார். வரப்பில் நின்று பார்த்தார். இங்கே வீடு இருந்தது, நானே உள்ளே உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “இப்ப இல்லியேம்மா” என்றார். அவ்வளவுதான். வைக்கோற்போர் வழக்கு சாட்சி இல்லாமல் தானாகவே அவிந்துபோனது. அவிந்தால் என்ன, எரிந்தால் என்ன, அதற்குள் வேண்டியவர்களுக்கு வேண்டியது நடந்துவிட்டது.

நீ பேசாமல் இருந்திருக்கலாமே என்று அந்தத் தெருவில் சிலர் என் முகத்துக்கு நேரே கேட்டார்கள். அவள்தான் ஜெயிலுக்குப் போகத் தயாராக இருந்தாளே, மனையாவது மிஞ்சியிருக்குமே என்றார்கள். இன்றைக்கு அதே நாற்காலியில் உட்கார வைத்தாலும் நான் அதையேதான் சொல்வேன். பதினான்கு வயதுப் பெண்ணைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பி ஒரு குடிசையைக் காப்பாற்ற என்னால் முடியாது. ஆனால் எந்த முடிவை எடுத்தாலும் அவளுக்கு நஷ்டம்தான் என்கிற ஒரு அறையில் அவளை நிற்க வைத்திருந்தார்கள். அங்கே நான் எடுத்ததைச் சரியான முடிவு என்று தட்டிக்கொடுத்தால் எனக்குக் கோபம் வரும்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வந்தேன். அஞ்சலை நல்ல பிள்ளை ஆகிவிட்டாள். மூட்டையை அவிழ்த்துத் தட்டில் அடுக்கிவிட்டாள். பாயை யார் நகர்த்தினாலும், “எங்க வேணும்னாலும் போட்டுக்கங்கக்கா” என்று எழுந்து இடம் விடுவாள். வாத்தியார் பெஞ்சு மாற்றினால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பேசாமல் போவாள். மத்தியான மணி அடித்தால் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பாள். தீப்பெட்டி வைத்த இடத்தில் இருந்தது. சண்டை இல்லை, முறைப்பு இல்லை. அவள் அப்பா அம்மா உப்பளத்துக்கே திரும்பிப் போய்விட்டார்கள். அங்கே மேட்டில் ஒரு கொட்டகை, வேலை இருக்கிற வரைக்கும் தங்கலாம்.

வாத்தியார்கள் எல்லோரும், பொண்ணு திருந்திட்டா என்றார்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரியம்மா, “இந்தப் பொண்ணப் பத்தியா அவ்வளவு புகார் வந்துச்சு? எப்படி வழிக்குக் கொண்டுவந்தீங்க?” என்று என்னைப் பாராட்டினார். காளியம்மா மட்டும் வட்டிலில் சோற்றைப் போடும்போது அவள் முகத்தைப் பார்க்க மாட்டாள். நான் ராத்திரி சுற்றி வரும்போது, மூலையில் யாரோ விட்டுப் போன இடத்தில் சுருண்டு தூங்குகிற அவளைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். பயமாக இருக்கும். அடித்து, கடித்து, திருடி, அவள் எதையோ பிடித்துக்கொண்டிருந்தாள். இப்போது கையை விட்டுவிட்டாள். நாங்கள் அதற்கு நல்ல நடத்தை என்று பேர் வைத்தோம்.

வருஷக் கடைசியில் பள்ளி விழா. நன்னடத்தைப் பரிசு அவளுக்கு. வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. ஒரு எவர்சில்வர் குடம். மேடையில் வாங்கிக்கொண்டு கும்பிட்டாள், எல்லோரும் கை தட்டினார்கள். விழா முடிந்ததும் குடத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு என் அறைக்கு வந்தாள். மேஜை மேல் மெதுவாக வைத்தாள்.

“இது உங்ககிட்டயே இருக்கட்டும், டீச்சர்.”

“ஏம்மா? உனக்குக் குடுத்தது. அம்மாகிட்ட கொண்டுபோய்க் குடு.”

“எங்க வைக்கிறது, டீச்சர்?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. என்னைக் குத்திக் காட்டவும் கேட்கவில்லை. நான் ஏதாவது ஒரு இடம் சொல்வேன் என்று, மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு, பதிலுக்காகக் காத்து நின்றாள்.